எழுபத்து மூன்றா, எண்பத்தேழா

சுங்க அதிகாரி ஃபிக்ரி தகட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதிலிருந்த ஓட்டை வழியாக விதாத்தைப் பார்த்தார். அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்துக் கொட்டகை ஒன்றில் காலை பத்து மணி. கன்டெய்னரின் கதவு திறந்து கிடந்தது. பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டியிலிருந்து மெஷின் எண்ணெயின் வாடை எழுந்தது. உள்ளங்கையைவிடச் சற்று நீளமான எஃகுத் தகடுகள், ரொட்டி அடுக்கியதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் காது மாதிரி ஒரு நீட்டல், நடுவில் இரண்டு ஓட்டைகள்.

"இது என்ன, உஸ்தாதா விதாத்?"

"எஃகுத் தகடு. அச்சுல அடிச்சு வெட்டினது. படிவத்துல எழுதியிருக்கேனே."

"எழுதினதைப் படிச்சுட்டேன். நான் கேக்கறது வேற. இதை வெச்சு என்ன பண்ணுவாங்க? அலமாரி மாட்டுவாங்களா, கதவுக்குக் கீல் போடுவாங்களா, இல்ல சூடான சட்டியை இறக்கி வெப்பாங்களா?"

பெட்டியைப் பிரித்த தொழிலாளி சிரித்தார். விதாத்தும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஃபிக்ரி சிரிக்கவில்லை. அவர் தமியாத் துறைமுகத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன அளவுகோல் வைத்திருப்பார். அதை எடுத்துத் தகட்டின் காதை அளந்தார், ஓட்டையை அளந்தார், ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

"நம்பர் முடிவு பண்ற கமிட்டிக்கு அனுப்பறேன். தயாரிச்சவனோட கேட்டலாக் வேணும். புதன்கிழமைக்குள்ள கொண்டு வாங்க."

விதாத் கிளியரிங் ஏஜென்டாகி பத்தொன்பது வருடம் ஆகிறது. உரிமம் அவள் பெயரில் இருந்தது. மினா அல்-பஸல் தெருவில் பருத்திக் கிடங்குக்கு மேல் ஓர் அறையும், ஓர் இரும்பு அலமாரியும், ஃபோனும்தான் அவள் அலுவலகம். கப்பல் ஏறுகிற எந்தப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. ஆலிவ் எண்ணெய்க்கு உண்டு, பொய்ப்பல்லுக்கு உண்டு, குதிரை முடிக்கும் உண்டு. அந்த எண்ணைச் சொல்லித்தான் பொருள் ஊருக்குள் போக முடியும். இன்ன பொருளுக்கு இன்ன எண் என்று பார்த்து எழுதுவதுதான் அவள் தொழில். முதல் இரண்டு இலக்கம் அது எந்த இனம் என்று சொல்லிவிடும். எழுபத்து மூன்று என்றால் இரும்பிலும் எஃகிலும் செய்த சாமான்: ஆணி, சங்கிலி, வாளி, இன்னதற்கு என்று தனியாகச் சொல்ல முடியாத தகடு. எண்பத்தேழு என்றால் வண்டிகளும் வண்டியின் உறுப்புகளும். எழுபத்து மூன்றில் வந்தது தீர்வை கட்டியதும் வெளியே போய்விடும். எண்பத்தேழில், அதிலும் பிரேக் உறுப்பாக வந்தால், மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வளைத்துப் பார்ப்பார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், அறுத்தும் பார்ப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். தேறாமலும் போகும்.

இந்தத் தகடு பிரேக் பேடின் முதுகு. இதன்மேல்தான் உராய்கிற லைனிங்கை ஒட்டுவார்கள். விதாத்துக்கு அது தெரியும். தெரியாமல் இருந்தது முதல் தடவை மட்டும்தான். பதினான்கு மாதத்துக்கு முன், ரமலான் மாதத்தின் கடைசி வாரம், ஆளாளுக்கு வேலையை முடித்துவிட்டுப் பெருநாளுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது, ஹாஜி மஹ்ரூஸ் என்ற இறக்குமதியாளர் 'வெட்டிய எஃகுத் தகடு' என்று மட்டும் போட்ட பட்டியலோடு வந்தார். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. எழுபத்து மூன்று என்று எழுதினாள். போய்விட்டது. பெருநாள் முடிந்து வந்த தபாலில் தயாரிப்பாளரின் கேட்டலாக் இருந்தது. அதன் முதல் நான்கு பக்கமும் வண்டிகளின் பெயர்கள், எந்த வண்டிக்கு எந்தத் தகடு என்ற அட்டவணை. அவள் அதைப் படித்தாள். அலமாரியில் வைத்தாள். இரண்டாவது சரக்கு வந்தபோது முதலில் எழுதியதையே எழுதினாள். மாற்றி எழுதினால் முதலாவது என்ன என்று கேட்பார்கள். மூன்றாவதுக்கும் அப்படியே. ஒரு பொருளின் உருவமே அது இன்ன வேலைக்கு மட்டும்தான் என்று காட்டினால் அந்த வேலையின் கீழ்தான் அதை எழுத வேண்டும் என்ற விதியை அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இது நாலாவது.

ஹாஜி மஹ்ரூஸ் ஃபோனில் பதறவில்லை. "கேட்டலாக்தானே, என்கிட்ட இருக்கு. நாளைக்குப் பட்டறைக்கு வா, தரேன். நீ ஏன் குரலை இப்படி வெச்சிருக்கே, யாராவது செத்துட்டாங்களா?"

மறுநாள் மக்னசா தொடங்கியது. நவம்பர் நடுவில் வருகிற அந்தப் புயலுக்கு ஊர்க்காரர்கள் துடைப்பம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருவைக் கூட்டித் தள்ளிவிட்டுப் போகும். துறைமுக வாயிலை மூடிவிட்டார்கள். கப்பல்கள் வெளியே வரிசையில் ஆடிக்கொண்டு நின்றன. பட்டறை இருக்கும் புர்ஜ் அல்-அரபுக்குப் போகும் பஸ்ஸில் விதாத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் உப்பு ஏரி சாம்பல் நிறத்தில் அலையடித்தது. உரிமம் போனால் என்ன ஆகும் என்பதை அவள் வழியெல்லாம் யோசித்தாள். விசாரணை என்றால் பழைய படிவங்கள் எல்லாவற்றையும் எடுப்பார்கள். பத்தொன்பது வருடத்தில் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் ஒருவன் உட்கார்ந்து சந்தேகத்தோடு படிப்பான். ஈரத் தலைமுடிபோல் ஒட்டிக்கொண்டு அந்த நினைப்பு விலகவே இல்லை.

மஹ்ரூஸ் அவளை நன்றாகவே வரவேற்றார். எலுமிச்சை போட்ட தேநீர் வந்தது. அவர் கொடுத்த கேட்டலாக் மெல்லியதாக இருந்தது. விதாத் புரட்டினாள். ஐந்தாம் பக்கத்திலிருந்து தொடங்கியது. தகட்டின் படம், அளவு, எஃகின் ரகம். வண்டி என்ற சொல்லே எங்கும் இல்லை. முதுகுப் பக்கத்தில் பின் அடித்திருந்த இடம் புதிதாகப் பளபளத்தது.

"முதல் நாலு பக்கம் எங்க, ஹாஜி?"

"எந்த நாலு பக்கம்?"

அவர் அவளைப் பார்த்த பார்வையில் மிரட்டல் இல்லை. நண்பன் நண்பனிடம் ஒரு விஷயத்தை விட்டுவிடச் சொல்லும் பார்வை. "இதப் பாரு விதாத். பிரேக்ல பிடிக்கறது லைனிங். தகடு சும்மா முதுகு. முதுகா பிடிக்குது? நீ நல்ல இடத்துப் பொண்ணு, அறிவாளி, ஒரு பேப்பருக்குப் போய் மூஞ்சியை இப்படித் தொங்கப் போடலாமா?"

வெளியே வரும்போது பட்டறை முற்றத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு பெண் அவளோடு சேர்ந்து நடந்தாள். நீல மேலங்கி, தலைத்துணியில் பசையின் கறை. லைனிங் ஒட்டும் பகுதியின் மேற்பார்வையாளர். பெயர் ஸபாஹ். முன்பு இரண்டு முறை விதாத்துக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தவள்.

"மேடம், இப்ப வந்திருக்கிற தகடு பழைய கனமா, புதுக் கனமா?"

"என்ன கனம்?"

"முதல் ரெண்டு தடவை வந்தது நல்லா இருந்துச்சு. மூணாவது வந்தது மெலிசு. கையால அழுத்தினா வளையாது, ஆனா வண்டியில சூடேறினா நெளியும். நெளிஞ்சா லைனிங் பேந்துக்கும். நான் சொன்னேன். பசையை மாத்துன்னாரு ஹாஜி. மாத்தினோம்."

"பேந்திருக்கா?"

ஸபாஹ் பட்டறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு பெட்டி திரும்பி வந்துச்சு. அப்புறம் அமிரிய்யா ஊர்கிட்ட தக்காளி ஏத்திட்டுப் போன ஒரு வண்டி, இறக்கத்துல நிக்கலை. சுவத்துல போய் மோதி டிரைவருக்குத் தோள் எலும்பு போச்சு. ஹாஜியே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தாரு. பழம் வாங்கிட்டுப் போனாரு. நல்ல மனுசன்தான் மேடம், அப்படி ஒண்ணும் கெட்டவர் இல்ல." அவள் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

விதாத் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எதிரில் வரும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்தாள். காற்றில் சரிந்து வரும் லாரி, கதவு திறந்தபடி ஆள் தொங்கும் மைக்ரோபஸ், இரண்டு தலையணை கட்டிய மோட்டார் சைக்கிள். வந்த வழியில் உரிமத்தைப் பற்றி மட்டுமே பயந்துகொண்டிருந்தாள். அந்தப் பயம் போகவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. ஆய்வகம் என்று ஒன்று இருப்பது இந்த மெலிசுத் தகட்டைப் பிடிப்பதற்குத்தான். அது ஆய்வகத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டது மஹ்ரூஸ் இல்லை. அவருக்கு எண் எழுதத் தெரியாது.

அன்று மாலை அவள் சயாதிய்யா சமைத்தாள். மீனை வறுத்து, வெங்காயத்தைக் கருக்கி, சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். அவள் கணவன் லுத்ஃபி பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன். மேஜைமேல் பிள்ளைகள் வரைந்த முப்பது கப்பல்களைப் பரப்பி வைத்து மார்க் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் சட்டியை இத்தனை தடவை திறக்கறே? மீன் நீந்திப் போயிடுமா?"

அவள் சொன்னாள். அடுப்பைப் பார்த்தபடியே முழுவதையும் சொன்னாள். சொல்லும்போது அது மிகச் சின்னதாக இருந்தது. ஒரு எண்ணுக்குப் பதில் இன்னொரு எண். லுத்ஃபி பென்சிலைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்:

"அந்தப் பழைய கேட்டலாக் உங்கிட்ட இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப இல்லாத மாதிரிதானே." சொல்லிவிட்டு அவனே தலையை ஆட்டிக்கொண்டான், தன் குரலைத் தானே கேட்டுப் பிடிக்காதவன்போல. "நான் சொன்னதை விடு. எனக்குப் பயமா இருக்கு, அதான் வாயில வந்துடுச்சு. நம்ம பொண்ணு நாடியாவுக்கு இன்னும் ரெண்டு வருசப் படிப்பு இருக்கு. நீ என்ன பண்ணப் போறே?"

"தெரியல."

"சரி, சோறு போடு. தெரியாமலே சாப்பிடுவோம்."

புதன்கிழமை மழை சற்றே ஓய்ந்திருந்தது. சுங்க அலுவலகத்தின் படிகளில் சேறு. விதாத்தின் தோள்பையில் இரண்டு கேட்டலாக்குகள் இருந்தன. மஹ்ரூஸ் கொடுத்தது மேலே, அலமாரியிலிருந்து எடுத்தது கீழே. படியேறும்போது மேலே இருப்பதைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். தாழ்வாரத்தில் நடக்கும்போது அதை மாற்றினாள். ஃபிக்ரியின் கதவருகே வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். அந்த ஆறு பேரும் முடிவதற்குள் அவள் இன்னும் நாலு முறை மாற்றியிருப்பாள்.

ஃபிக்ரியின் மேஜையில் தகடு இருந்தது. அவர் களைத்திருந்தார். அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவரே பேசினார்.

"கமிட்டியில ரெண்டு பேர் எழுபத்து மூணுங்கறாங்க. லைனிங் இல்லாத வெறும் தகடு, இன்னும் பிரேக் ஆகலைன்னு வாதம். மூணாமத்தவர் யோசிக்கறாரு. கேட்டலாக்ல வண்டி பேர் இல்லேன்னா எனக்கும் பேச இடமில்ல. கையெழுத்து போட்டுடுவேன். என்ன, கொண்டு வந்தீங்களா?"

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மேலே இருப்பதை எடுத்து நீட்டினால் போதும். அவர் அப்படியே வாங்கிக் கோப்பில் வைத்துவிடுவார். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஐந்தாம் பக்கத்தில் தொடங்கும் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் ஆயிற்று. விதாத் பைக்குள் கையை விட்டாள். விரல்களுக்கு மெல்லியது முதலில் பட்டது. அதைத் தாண்டிக் கை கீழே போனது. அது தைரியம் என்று அவள் பிற்பாடும் யாரிடமும் சொன்னதில்லை. தக்காளிகள் சுவரில் சிதறிக் கிடந்ததை அவள் பார்த்ததே இல்லை, ஆனால் இரண்டு நாளாக வேறு எதுவும் கண்ணில் நிற்கவில்லை. அந்தக் காட்சி தாங்காமல்தான் கை போனது.

ஃபிக்ரி முதல் பக்கத்தைத் திறந்தார். அட்டவணையில் விரலை வைத்து இறக்கிக்கொண்டே போனார். தகட்டை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். காதுக்குக் காது, ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது.

"இதை நான் வாங்கிட்டா திருப்பித் தர முடியாது, உஸ்தாதா. தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

"தெரிஞ்சுதான். இதுக்கு முன்னாடி மூணு தடவை வந்திருக்கு. மூணையும் நான்தான் எழுபத்து மூணுல எழுதினேன். முதல் தடவை தெரியாது. மத்த ரெண்டும் தெரியும். மூணாவது தகடு மெலிசு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மறுபடி போட்டுக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். "நான் மூணாவதைப் பத்திக் கேக்கவே இல்லையே," என்றார் மெதுவாக. கோபமா வருத்தமா என்று தெரியாத குரல். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

அன்று பிற்பகலே உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள், விசாரணை முடியும்வரை. கன்டெய்னருக்கு மறுபடி முத்திரை வைத்தார்கள். மஹ்ரூஸ் ஒருமுறை ஃபோன் செய்தார். அவர் கத்துவார் என்று விதாத் காத்திருந்தாள். "என்ன பண்ணிட்டே, பொண்ணே," என்று மட்டும் கேட்டார், அவளுக்கு ஏதோ விபத்து நேர்ந்துவிட்டதுபோல. பிறகு வைத்துவிட்டார். மூன்றாவது சரக்கில் செய்த பேடுகள் எந்தெந்தக் கடைக்குப் போயின என்று கேட்டு அவருக்குக் கடிதம் அனுப்பப்போவதாக ஃபிக்ரி சொன்னார். கடிதம் தயாராக வேண்டும், மேலே கையெழுத்தாக வேண்டும், போய்ச் சேர வேண்டும், பதில் வர வேண்டும்.

"எத்தனை நாள் ஆகும்?"

"உங்களுக்குத் தெரியாததா?"

சனிக்கிழமை, விஷயம் பட்டறைக்கு எட்டியதும், ஸபாஹ் ஃபோனில் கூப்பிட்டாள். பின்னால் பேருந்தின் சத்தம் கேட்டது. பெயர் சொல்லவில்லை. கடைகளின் பெயர்களை மட்டும் வேகமாக ஒப்பித்தாள். ஏழு கடைகள். நாலு கர்மூஸ் பகுதியில், மூன்று முஹர்ரம் பே பகுதியில். விதாத் ஒரு பழைய கப்பல் ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

"பெட்டியில ஒட்டகம் படம் போட்டிருக்கும் மேடம். ஓரத்துல சிவப்புக் கோடு இருந்தா அது மூணாவது."

முதல் கடையில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, எல்லாம் விற்றுப்போச்சு என்றார்கள். யாருக்கு என்று கேட்டாள். பிரேக் வாங்குபவன் ஜாதகத்தைக் கேட்டா விற்பார்கள் என்றார் கடைக்காரர். இரண்டாவதில் இருந்தவர் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் பதினொரு பெட்டியையும் ஓரமாக வைத்தார்; ஏற்கனவே ஒருவன் வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தானாம். அந்தப் பதினொன்று அவளுக்குச் சற்றே மூச்சு விட இடம் கொடுத்தது. பிறகு கர்மூஸிலேயே பூட்டிக் கிடந்த கடை ஒன்று, வெளியே போ என்ற கடை ஒன்று. முஹர்ரம் பே பகுதிக்கு வந்தபோது தூறல் மறுபடி பிடித்திருந்தது. அவளுடைய காலணிக்குள் தண்ணீர் புகுந்து நடக்கும்போது சத்தம் போட்டது.

ஐந்தாவது கடையின் முன்னால் மஞ்சளும் கறுப்புமாக ஒரு பழைய டாக்சி, ஜாக்கியில் தூக்கி நின்றது. முன்சக்கரம் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. டிரைவர் ஐம்பது வயதுக்காரர், தேய்ந்துபோன பேடைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். ஒட்டகம். சிவப்புக் கோடு.

"அதைக் குடுக்காதீங்க," என்றாள் விதாத்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். நனைந்த தலைத்துணி, தோள்பை, கையில் ஒரு கசங்கிய காகிதம்.

"நீங்க யாரு? அரசாங்கமா?"

"இல்ல."

"கம்பெனி ஆளா?"

"இல்ல. துறைமுகத்துல இதுக்கு நம்பர் எழுதினவ. தப்பா எழுதினேன்."

"என்ன நம்பர்?" என்று கேட்டார் கடைக்காரர். டிரைவரிடம் திரும்பி, "நம்பர் பத்தி உங்களுக்கு ஏதாவது புரியுதா?" என்றார்.

"எனக்கு ரெண்டு மணிக்கு ஒரு குடும்பத்தை மத்ரூஹ் ஊர் வரைக்கும் ஏத்திட்டுப் போகணும்," என்றார் டிரைவர். "அது மட்டும் புரியுது."

விதாத் பெட்டியைப் பிரித்து ஒரு பேடை எடுத்தாள். லைனிங்கும் தகடும் ஒட்டியிருந்த விளிம்பில் நகத்தைக் கொடுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பலகையின் முனையில் வைத்து அழுத்தினாள். கெட்டியாகத்தான் இருந்தது. கையில் இருக்கும்போது அது எப்போதும் கெட்டியாகத்தான் இருக்கும். "சூடேறினா நெளியும், லைனிங் பேந்துக்கும். ஒரு வண்டி ஏற்கனவே சுவத்துல மோதியிருக்கு," என்றாள். இரண்டு வாக்கியத்தில் சொன்னதை அவளால் வேறு எப்படியும் நிரூபிக்க முடியவில்லை.

"இந்த ஊர்ல சுவத்துல மோதாத வண்டி எது, மேடம்," என்றார் கடைக்காரர். ஆனால் அவர் குரலில் முன்பிருந்த கேலி இல்லை. அவர் டிரைவரைப் பார்த்தார். "வேற மார்க் இருக்கு. விலை ரெண்டு மடங்கு. அதுவும் நாளைக்குத்தான் வரும்."

டிரைவர் தன் கையிலிருந்த பழைய பேடைப் புரட்டிப் பார்த்தார்; லைனிங் எல்லாம் தீர்ந்து எஃகு பல் இளித்தது. பிறகு மற்றக் கையை விதாத்தை நோக்கி நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க, பிரேக் தூசியில் கன்னங்கரேலென்று. அவள் கையிலிருந்த புதுப் பேடைக் கொடு என்று கேட்கிறாரா, காட்டு என்று கேட்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கையில் தூறல் விழுந்து கறுப்பின் நடுவே சின்னச் சின்ன வெளிர் வட்டங்கள் உண்டாயின. அவருக்குப் பின்னால், சக்கரம் இல்லாத இடத்தில், பளபளப்பான இரும்பு வட்டு நனைந்து நின்றது. அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு ஏற்கனவே படரத் தொடங்கியிருந்தது.